யசோதரா கண்டக்டரும் ஒரு தடுப்புக் கட்டையும்

எங்கள் பஸ்ஸில் சில்லறை கீழே விழுந்தால் பயணிகள் யாரும் குனிய வேண்டியதில்லை. யசோதரா குனிந்துவிடுவாள். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் நாலு பேர் காலுக்கு நடுவே கையை விட்டு, அந்த நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிமிர்வாள். அதே மூச்சில் அடுத்தவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருப்பாள். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் இதை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

நான் நோயல், கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டைக்காரன். கர்நாடக அரசு பஸ் ஓட்டுகிறேன். ஆண்டர்சன்பேட்டையில் கிளம்பி, பங்காருபேட்டை வழியாகக் கோலார் போய்த் திரும்புகிற வண்டி. எனக்கு யாரையும் லேசில் புகழ வராது. என் மனைவி வினோலியா கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பிரியாணியையே "பரவாயில்லை" என்பதற்கு மேல் நான் சொன்னதில்லை, அதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒருத்தியைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், அவளிடம் ஏதோ இருக்கிறது என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

யசோதரா ஸ்கெலட்டன் பகுதிக்காரி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கட்டிக்கொண்டதும் சுரங்கக் குடும்பத்தில்தான். மாமனார் அசோகன் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் மரம் போடுகிறவராக இருந்தார். பூமிக்கு அடியில் பாறை சரியாமல் இருக்கக் கூரைக்கு மரத்தூண் நிறுத்துகிற வேலை அது. சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் மனிதர் இன்னும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். யசோதராவின் கணவன் தேவா, எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேரைப் போல, விடிவதற்கு முன்பே ரயிலேறி பெங்களூர் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன்.

அந்தக் குடும்பத்தில் இருந்து ஒரு பெண் காக்கிச் சட்டை போட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, டிப்போவில் சிலருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் சமாதானம் செய்து அவள் ஒரு சண்டையைத் தீர்த்துவைப்பதைப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனதிலிருந்து எங்கள் வண்டியில் காற்று நுழையவே இடமில்லை. அந்தக் கூட்டத்தில் அவள் முன்னும் பின்னும் போய்வருவாள். பாட்டிகளின் கீரைக்கட்டைத் தூக்கிக் கொடுப்பாள், கைக்குழந்தைக்கு இடம் பிடித்துக் கொடுப்பாள். எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள்.

அவளுக்கு முதுகு வலிக்கிறது என்று நான் கண்டுபிடித்ததே தாமதமாகத்தான். கம்பியில் சாய்ந்து டிக்கெட் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். ஸ்கெலட்டன் திருப்பத்தில் ஒரு பள்ளம் உண்டு, எத்தனை முறை மூடினாலும் மழைக்குப் பிறகு திரும்பி வந்துவிடும். அதில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் கண்ணாடியில் அவள் முகம் கோணும். நான் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கத் தொடங்கினேன். அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாண்ணா, ரோட்ட பாத்து ஓட்டு. என் முதுக பாத்து ஓட்டாத" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

ஒருநாள் பங்காருபேட்டைக்கு முன்னால் ஒரு நாணயம் விழுந்தது. கண்ணாடியில் அவள் தலை மறைந்தது. வழக்கமாக உடனே தெரியவேண்டிய தலை தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தபடி நின்றிருந்தாள். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. நாணயம் மட்டும் கையில் இருந்தது.

"ஒண்ணுமில்லண்ணா, வண்டிய எடு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பிறகு மாத்திரை, பெல்ட், பயிற்சி என்று மாதக்கணக்கில் போனது. தேறுவது போல இருக்கும், மறுபடி வந்துவிடும். கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். தேவா வந்தான். எனக்கு அன்று லீவு, நானும் போனேன். கண்டக்டர் இல்லாமல் டிரைவர் வீட்டில் என்ன செய்வது?

டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சில் நிதானம். மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்துக் காட்டினார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு டிஸ்க் இருக்கிறது. யசோதராவுக்கு இடுப்புக்குக் கிட்டே இருக்கும் ஒரு டிஸ்க் மட்டும் வற்றித் தேய்ந்து போயிருக்கிறது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து ஒரே எலும்பாகச் சேர வைத்துவிடுவது. அந்த இடம் அப்புறம் அசையாது. இன்னொன்று, செயற்கை டிஸ்க் வைப்பது. மேலும் கீழும் உலோகத் தகடு, நடுவே வழவழப்பான பிளாஸ்டிக் வில்லை. அது அசையும். எல்லோருக்கும் அதை வைக்க முடியாது. எலும்பு பலமாக இருக்கவேண்டும், பின்பக்க மூட்டுகள் கெடாமல் இருக்கவேண்டும். யசோதராவுக்கு இரண்டும் சரியாக இருந்தது.

மாதிரிக்கு வைத்திருந்த செயற்கை டிஸ்க்கை யசோதரா கையில் வாங்கி இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்.

"இதை வைத்தால் நான் மறுபடி பஸ்ஸில் நிற்கலாமா?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"நிற்கலாம் என்றுதான் நம்புகிறேன். சத்தியம் செய்ய முடியாது" என்றார் டாக்டரம்மா. "பாதி வேலை என்னுடையது, பாதி வேலை உங்களுடையது. நீங்கள் எப்படித் தேறுகிறீர்கள் என்று சில மாதம் கழித்துப் பார்த்துதான் சொல்லமுடியும். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது இருந்தால் அதையும் யோசித்து வையுங்கள்."

உட்கார்ந்து செய்கிற வேலை டிப்போவில் தயாராகவே இருந்தது. ஆபீஸ் பார்க்கும் மனோகர் நல்ல மனதோடு ஒரு நாற்காலியைத் துடைத்து, ஃபேனுக்குக் கீழே போட்டு, "மேடம் வந்தால் இங்கே" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். யசோதராவிடம் அந்த நாற்காலியைப் பற்றிச் சொன்னாலே முகம் சிவந்துவிடும். "நாப்பத்திநாலு வயசுல என்னக் கொண்டுபோய் அந்த மூலைல நட்டு வைக்கப் பாக்கறாங்க" என்பாள். அவளுக்கு வேண்டியது பஸ், அதன் நடுவழி, இரண்டு காலில் நிற்கிற உடம்பு. வேறொன்றும் இல்லை.

செயற்கை டிஸ்க்கே போதும் என்று முடிவு செய்தாள். வயிற்றுப் பக்கமாகத் திறந்துதான் வைப்பார்கள் என்று தெரிந்ததும் அவள் தெருவே கலங்கிப்போனது. முதுகு வலிக்கு வயிற்றை அறுக்கிறார்களே என்று பக்கத்து வீட்டுப் பார்வதம்மா அழுதே விட்டார். ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம் அசோகன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்புகளுக்கு நடுவே இரண்டு வெள்ளைத் தகடுகள் மட்டமாகத் தெரிந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா நிக்குது" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லை. அடுத்த ரயிலைப் பிடித்து ஊருக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலையில் நடந்ததை அவர் பார்க்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

யசோதரா வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வேறு ரூட் போட்டுவிட்டார்கள். அலைச்சலில் உடனே போய்ப் பார்க்க முடியவில்லை. சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டு வாசலில், நிலைக்கு நிலை, இடுப்பு உயரத்தில் ஒரு மரக்கட்டை குறுக்கே போட்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அசோகன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுரங்கத்தில் ஒரு இடத்தில் புதிதாக மரம் போட்டால், அந்தப் பாதையின் வாயில் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டுவிடுவார்கள். பாறை புது மரத்தின் மேல் நன்றாக உட்காருகிற வரைக்கும் ஆள் போகக்கூடாது, வண்டி போகக்கூடாது. கட்டையைத் தாண்டுகிற ஆளுக்கு அடுத்த நாள் வேலை கிடையாது, சில சமயம் ஆளே கிடையாது. அந்தப் பயம் எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் ஊர்க்காரன் சிவப்பு விளக்கைத் தாண்டுவான், ரயில் கேட்டுக்கு அடியில் சைக்கிளை நுழைப்பான். தெருவில் யாராவது ஒரு கட்டையைக் குறுக்கே போட்டுவிட்டால் மட்டும் சுற்றிக்கொண்டு போவான். என் அப்பாவும் சுரங்கத்துக்காரர்தான். பஸ் ஓட்டுகிற நானே அன்று அந்தக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். அசோகன் எழுந்து தூக்கிவிட்ட பிறகுதான் உள்ளே போனேன். தேவா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர்தான் தூக்கிவிட்டுத் திரும்பப் போடுவாராம்.

யசோதரா கட்டிலில் படுத்திருந்தாள். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டியிருந்தது.

"டாக்டரு நடக்கச் சொன்னாங்களா, படுக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"நடக்கத்தான் சொன்னாங்க. குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தினம் கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும்னு."

வாசலிலிருந்து அசோகனின் குரல் வந்தது. "டாக்டரம்மா பெங்களூர்ல கீறாங்க. பாறை இங்க கீது. புதுசா மரம் போட்ட எடத்துல எவனாச்சும் குதிப்பானா? நல்லா உக்காரட்டும், அப்பறம் நடக்கலாம்."

"நீ ஏன் கேக்கற இவரு பேச்ச? ஊரையே கேள்வி கேப்பியே!" என்று நான் யசோதராவிடம் எரிந்து விழுந்தேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் பயமா கீதுண்ணா. உள்ள ஒரு இரும்பு நிக்குது. நடந்தா நகந்துடுமோன்னு தோணுது. மாமா கட்டைய போட்டப்போ, உண்மைய சொன்னா, நிம்மதியா இருந்துச்சி."

பஸ்ஸில் கத்தியால் கீறுவது போல் பேசுகிற பெண் ஒரு கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் திட்டுகிறவன். "சரி, மனோகர் நாற்காலிய தொடச்சி வச்சிகீறாரு. ஃபேன் கூட கீது. போயி ஒக்காரு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். பரவாயில்லை, இன்னும் ஆள் உள்ளே இருக்கிறாள் என்று தோன்றியது.

அடுத்த பரிசோதனைக்கு நானும் போனேன். டாக்டரம்மா யசோதராவை நடக்க வைத்தார், காலைத் தூக்க வைத்தார், முகத்தைச் சுருக்கினார். எக்ஸ்ரே படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கால் சதையும் முதுகுச் சதையும் தொய்ந்து போயிருந்தன.

"அசையவேண்டும் என்றுதானே இதைக் கேட்டு வாங்கினீர்கள்?" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் உறைத்தது. "இப்படியே படுத்திருந்தால் பஸ்ஸை மறந்துவிடுங்கள்."

வாடகைக் காரில் ஊர் திரும்பினோம். ஸ்கெலட்டனில் கார் நின்றது. தேவா கையைப் பிடித்து இறக்கினான். அசோகன் எழுந்து கட்டையைத் தூக்கிப் பிடித்து, "வாம்மா" என்றார். அவள் உள்ளே போகவில்லை. தெருவிலேயே நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். ஒரு எடத்துல மரம் போட்டா, அந்தக் கட்டைய அப்பறம் யாரு எடுப்பாங்க?"

"மரம் போட்டவன்."

"மேஸ்திரி எடுக்கலாமா?"

"எவனும் எடுக்கக்கூடாது. போடவும் கூடாது. இன்னொருத்தன் மரத்துல கை வச்சா அது அவனுக்கு அவமானம். அடிதடியே வந்துகீது."

"எடுத்ததும் மொதல்ல உள்ள நடக்கறது யாரு?"

"அவன்தான். போட்டவன்தான் மொதல்ல நடப்பான். அவன் பின்னாடிதான் மத்தவங்க. இது இன்னா கேள்வி, உனக்குத் தெரியாததா?" அசோகனின் கையில் கட்டை இன்னும் உயர்ந்தே இருந்தது.

"எனக்கு மரம் போட்டது டாக்டரம்மா" என்றாள் யசோதரா. "ஆபரேசன் ஆன மறுநா காலைல அவங்களே வந்தாங்க. என்ன எழுப்பி, வராந்தால நடக்க வச்சாங்க. கட்டைய அவங்க அன்னிக்கே எடுத்துட்டாங்க மாமா. நீங்க இன்னொருத்தங்க மரத்துல கட்டை போட்டுகீறீங்க."

பார்வதம்மா குடத்தோடு அப்படியே நின்றார். ஐந்து பேர் எதிரே தன் தொழிலைக் கொண்டே தன்னை மடக்கினால் எந்த மனிதனுக்கும் கோபம் வரும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அசோகன் மகன் பக்கம் திரும்பினார்.

"நெசமாடா? அந்தம்மா நடந்தாங்களா?"

"நடந்தாங்கப்பா. அவங்க முன்னாடி, இவ பின்னாடி. திரும்பித் திரும்பிப் பாத்துகினே நடந்தாங்க."

அசோகன் கட்டையைக் கீழே இறக்கினார். ஒரு நிமிடம் அதைக் கையால் தடவினார். "அத்த ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?" என்றார். பிறகு சுவரோரமாக அதைச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்று தெருவில் இறங்கினார். அவர் முன்னால் நடந்தார். யசோதரா பின்னால் நடந்தாள். தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். அவள் முகத்தில் பயம் போகவில்லை, ஆனாலும் நிற்கவில்லை. மாமனாரை எதிர்த்துத் தன்னையும் எதிர்த்து வைத்த நடை அது. அவளை நினைத்து எனக்கு அன்று வந்த பெருமை, என் சொந்த மகள் பாஸானபோதுகூட வந்ததில்லை.

அன்று முதல் தினமும் காலையில் இருவரும் நடந்தார்கள். தெருமுனை, பிறகு கடைத்தெரு, பிறகு சாம்பியன் ரீப்ஸ் ரயில் நிலையம் வரைக்கும். அசோகன் எப்போதும் நாலு அடி முன்னால். கல் கிடந்தால் காலால் தள்ளிவிடுவார், நாய் படுத்திருந்தால் அதட்டுவார். தெருக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, அவர்கள் வருவதைப் பார்த்துதான் தேநீர் போடுவதாகக் கடைக்காரர் சொன்னார். டாக்டரம்மா அனுமதித்த பிறகு குனிகிற பயிற்சி தொடங்கியது. முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து எப்படிக் குனிவது, முட்டியை எப்படி மடிப்பது என்று குழந்தை போல மறுபடி படித்தாள். அவர்கள் பௌத்தக் குடும்பம். வைகாசிப் பௌர்ணமிக்குப் புத்த விகாரையில் எல்லோரும் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கியபோது அவளும் வணங்கினாள். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அவள் சுவரோரம் நின்றபடியே கும்பிட்டவள். தேவா அழுததைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவன் இல்லை என்கிறான்.

டிப்போவில் உடல்தகுதி பார்த்த டாக்டர் திருப்தி என்று சொன்னார். மனோகர் அப்போதும் நாற்காலியைக் காட்டினார். "அதுல உங்க பைய வச்சுக்கோங்க சார்" என்றாள் யசோதரா.

அவள் திரும்பி வந்த காலை, பழைய ரூட்டை நான் கெஞ்சி வாங்கியிருந்தேன். ஆண்டர்சன்பேட்டையில் வண்டி நின்றிருந்தது. யசோதரா காக்கிச் சட்டையோடு படியில் கால் வைக்கப் போனாள். "இரு" என்று ஒரு குரல். அசோகன், சலவை வேட்டியில். அவளை விலகச் சொல்லிவிட்டு அவர் முதலில் ஏறினார். பின் வாசலிலிருந்து முன் வாசல் வரைக்கும் நடுவழியில் நடந்தார். ஒவ்வொரு கம்பியையும் கையால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். கூரையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்து, "ஏறும்மா" என்றார். வேறு நாளாக இருந்தால் நான் கேலி செய்திருப்பேன். அன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன்.

இரண்டு விசில். வண்டி கிளம்பியது. ஸ்கெலட்டன் திருப்பத்தில், பழக்கதோஷம், பள்ளத்துக்கு முன்னால் என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது.

"இன்னாண்ணா, ரோட்ல முட்டை பரப்பிகீறாங்களா? ஓட்டு!"

பஸ்ஸே சிரித்தது. நான் ஓட்டினேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி இன்னொரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பங்காருபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்றிருந்தபோது, ஒரு நாணயம் உருண்ட சத்தம் கேட்டது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்த வண்டியில் வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். "நீ இரு கண்டக்டரம்மா, நான் எடுக்கறேன்" என்று யாரோ எழுந்தார்கள். அசோகன் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டு, கையைத் தொடைமேல் அழுத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

கண்ணாடியில் யசோதராவின் தலை மறைந்தது. அது திரும்பி மேலே வருவதற்குள் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. தலை வந்தது. கையில் நாணயம் இருந்தது. "யாருதுப்பா இது?" என்று கேட்டாள்.

அசோகனுக்குப் பக்கத்தில் கோலாருக்குப் போகிற ஒரு பெரியவர். ஊருக்குப் புதியவர் போலிருக்கிறது. "எதுக்குங்க எல்லாரும் அந்தம்மாவையே பாக்கறாங்க?" என்று கேட்டார்.

"அது என் மருமக" என்றார் அசோகன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "மரம் போட்டது டாக்டரம்மா. பின்னாடி நடந்து வந்தது இவ."

பின்னால் இரண்டு விசில் கேட்டது. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.